மாநிலக் கல்லூரி தந்த மா. கிருஷ்ணன்

போன வருஷம் நம் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் மொத்தம் எத்தனை போட்டோ எடுத்தோம் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு செல்போன். தலைவர் எழுந்தால் ஒரு கிளிக், உட்கார்ந்தால் ஒரு கிளிக், பந்தியில் பாயசம் ஊற்றும்போது நாலு கிளிக். மறுநாள் காலை என் போனில் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் வந்து குவிந்திருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் ஒன்றைக்கூட நான் மறுபடி திறந்து பார்க்கவில்லை.

ஆனால் 1971-ல் பி.எஸ்ஸி. முடிக்கும் சமயம், எங்கள் வகுப்பு முழுவதையும் கல்லூரிப் படிக்கட்டில் நிறுத்திவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போட்டோகிராபர் ஒருவர் எடுத்தாரே, அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அன்று அவர் எடுத்தது இரண்டே இரண்டு. யாரும் அசையக் கூடாது, கண்ணை மூடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, எங்களுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. யார் எந்தப் படியில், யார் தோளில் கை போட்டு நின்றோம் என்பதெல்லாம் இப்பவும் மனசில் இருக்கு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடையாறில் இருக்கும் என் பேத்தி ஆறு மாதத்துக்கு முன்னால் வந்து, பரணில் கிடந்த என் பழைய பிலிம் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். கையில் நல்ல டிஜிட்டல் கேமரா இருக்கிற பெண். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பழசைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் தெப்பக்குளம், தி.நகர் ரங்கநாதன் தெரு, அடையாறு முகத்துவாரம் என்று சுற்றுகிறாள். மாசத்துக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம், அவ்வளவுதான். ரோல் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அதைக் கழுவித் தரும் இடங்களும் இப்போது ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். எதுக்கும்மா இந்த வேலை என்று கேட்டேன். பிடிச்சிருக்கு தாத்தா என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, இந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. யோசிக்க யோசிக்க, எனக்கு நாற்பது வருஷம் முன்னால் அதே கல்லூரியில் படித்த ஒரு மனிதரிடம் இதற்குப் பதில் இருக்கிறது என்று தோன்றியது. அவர்தான் மா. கிருஷ்ணன். காட்டு விலங்குகளைப் படம் பிடித்தவர், எழுதியவர், வரைந்தவர். அவரோடு நேரில் பழகும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை. நம் கல்லூரிப் பிள்ளை என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

கிருஷ்ணன் 1912-ம் வருஷம் ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா யார் தெரியுமோ? 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். எட்டுக் குழந்தைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. அண்ணன்களில் ஒருவரான மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர்.

குடும்பம் மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் குடியேறியது. இப்போது நாம் ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்லும் அதே ரோடுதான். மேம்பாலமும் ஹோட்டல்களுமாக இருக்கும் இன்றைய சாலையைப் பார்த்தால் நம்பவே முடியாது, அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரி ஊளையிடும். பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. பையன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். மற்ற பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிய நேரத்தில் இவன் புதருக்குள் என்ன அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

1925 அக்டோபரில் இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த மாதவையா, பேச்சோடு பேச்சாக உயிர் துறந்தார். கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. இரண்டு வருஷம் கழித்து, 1927-ல், கடற்கரைச் சாலையில் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

கிருஷ்ணன் பெரிய ரேங்க் வாங்கிய மாணவர் இல்லை. இதை ஒளித்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. பரீட்சைக்குப் படிப்பதில் அவருக்கு நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நம் கல்லூரி அவருக்கு ஒன்றைக் கொடுத்தது. அப்போது இங்கே இருந்தவர் பி.எப். பைசன் துரை. நீலகிரி, பழனி மலைச் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதிய தாவரவியல் அறிஞர். மலைக்குச் செடி பார்க்கப் போகும்போது கிருஷ்ணனையும் கூட்டிக்கொண்டு போவார். நீலகிரி, கொடைக்கானல் என்று அந்தப் பயணங்கள் நடந்தன. பைசனின் மனைவி நன்றாக வரைவார். அவரிடமிருந்து நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றுக்கொண்டார் கிருஷ்ணன்.

தாவரவியல் படித்த நம்மவர்களுக்கு இது புரியும். ஒரு பூவை வரையணும்னா, சும்மா பார்த்தால் போதாது. இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எப்படி நிற்கிறது, இலைக்காம்பில் மயிர் உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் அதையே பார்த்தாகணும். ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுப் போட்டு நாமெல்லாம் விரல் தேய்ந்தவர்கள்தானே! அந்தப் பார்வைதான் கிருஷ்ணனுக்குக் கடைசிவரை கூட வந்தது. கேமரா பிறகுதான் கைக்கு வந்தது. கண் முதலில் நம் கல்லூரியில் பழகிவிட்டது.

1931-ல் பி.ஏ. தேறினார். அப்புறம் சட்டமும் படித்தார். வக்கீலாகவில்லை. உத்தியோகமும் சுலபத்தில் கிடைக்கவில்லை. சின்னப் பத்திரிகைகளுக்கு எழுதியும், படங்களும் கேலிச்சித்திரங்களும் போட்டுக் கொடுத்தும் காலம் தள்ளினார். 1937-ல் இந்துமதி அம்மையாரை மணந்தார். நிரந்தர வருமானம் இல்லாத வீட்டில் அந்த அம்மா எப்படிச் சமாளித்திருப்பார் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1942-ல் பெல்லாரி பக்கத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்கு அரசியல் காரியதரிசி என்று மாறி மாறிப் பல வேலைகள். ஆனால் சண்டூரைச் சுற்றி மலையும் காடும். மனிதருக்கு வேறென்ன வேண்டும்? வேலை போக மிச்ச நேரமெல்லாம் காட்டில்தான். ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார், புறாவை வைத்துத் தபால் அனுப்பவும் முயன்றார். எழுதவும் படம் எடுக்கவும் அங்கேதான் கை நன்றாகப் பழகியது.

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணனுக்கு வயது முப்பத்தேழு. மனைவி, மகன் என்று குடும்பம். இந்த இடத்தில் நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் இன்னொரு உத்தியோகம் தேடியிருப்போம். அவர் மயிலாப்பூருக்குத் திரும்பி வந்து, எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் சின்னதாகச் சொந்த இடத்தில் இருந்துகொண்டு, இனி யாரிடமும் கைகட்டிச் சம்பளம் வாங்குவதில்லை, எழுத்தும் படமும்தான் பிழைப்பு என்று இறங்கிவிட்டார். 1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பகுதியை ஆரம்பித்தார். அது 1996-ல் அவர் காலமாகும்வரை, நாற்பத்தாறு வருஷம் வந்தது. தன் கட்டுரைகளுக்குத் தானே படமும் வரைவார். யானையும் புலியும் மட்டும் இல்லை, நம் வீட்டுக் கொல்லையில் வரும் அணில், காக்கை, மைனாவுக்கும் அவர் பேனாவில் இடம் உண்டு. 'ஜங்கிள் அண்ட் பேக்யார்டு' என்று 1961-ல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே அதைச் சொல்கிறது.

இனி கேமரா விஷயத்துக்கு வருகிறேன்.

கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கியது மாதிரி இருக்காது. உடல் ஒரு கம்பெனி, தூரத்து லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் வேறு வேறு. எல்லாவற்றையும் தானே பொருத்தி, கட்டி, ஒரு பெரிய உருப்படியாக ஆக்கி வைத்திருந்தார். அதன் கனத்தைக் கேலி செய்து 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அவர் காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் ஈ.பி. ஜீ, இந்த ஒட்டுப்போட்ட கேமராவைப் பார்த்து வியந்து, கூடவே கொஞ்சம் கிண்டலும் செய்து எழுதியிருக்கிறார். அந்த உருப்படியைத் தூக்கிக்கொண்டுதான் முதுமலை போன்ற காடுகளில் நடந்தும், பழக்கிய யானை மேல் உட்கார்ந்தும் காட்டு யானைகளைப் படம் பிடித்தார்.

அன்றைக்கு பிலிம் என்பது லேசில் கிடைக்கிற சரக்கு இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு ரோல் கிடைத்தால் தங்கம் மாதிரி பொத்தி வைப்போம். ஊட்டியில் 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஏற்படுத்தி, 1967-ல் உற்பத்தி தொடங்கிய பிறகுதான் 'இந்து' பிலிம் நம் கைக்கு வந்தது. எழுத்தை நம்பி வாழ்கிற மனிதர் ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் வீட்டுச் செலவு ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? ஆகவே யானை தெரிந்தவுடன் அழுத்த முடியாது. காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கொம்பன் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டுக் காத்திருக்கணும். அதுக்கு அந்த மிருகத்தின் குணம் தெரிஞ்சிருக்கணும். பிலிமின் பஞ்சமே பார்வையை வளர்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பஞ்சம் மட்டும்தான் காரணம் என்றால், வசதி வந்ததும் அவர் மாறியிருக்க வேண்டும் இல்லையா? இங்கேதான் என் பேத்தியின் விஷயத்துக்குப் பதில் இருக்கிறது. அவருடைய காலத்திலேயே கலர் பிலிம் வந்துவிட்டது. பத்திரிகைகள் கலருக்குத் தாவின. காட்டு விலங்கு எடுக்கிறவர்கள் பலரும் கலருக்குப் போனார்கள். கிருஷ்ணன் போகவில்லை. கறுப்பு வெள்ளையைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். வேறு வழி இல்லாமல் அல்ல. வேறு வழி கண்ணெதிரே இருந்தும், இதுதான் எனக்கு என்று தேர்ந்தெடுத்தார்.

அதில் ஒரு நியாயம் இருக்கிறது. யானையின் தோல் சுருக்கம், கடமானின் பிடரி மயிர், மரப்பட்டையின் சொரசொரப்பு, நிழலுக்குள் நிற்கும் உருவத்தின் வரிக்கோடு, இதெல்லாம் கறுப்பு வெள்ளையில்தான் பளிச்சென்று எழுந்து நிற்கும். வரைந்து பழகிய கண் நிறத்தைவிட உருவத்தையே தேடும் என்பது என் எண்ணம். இன்னொன்று, கறுப்பு வெள்ளை பிலிமை எடுத்தவரே கழுவலாம், எடுத்தவரே பிரிண்ட் போடலாம். கலர் பிலிம் அப்படி இல்லை. மருந்தின் சூடு 38 டிகிரியை ஒட்டி, அரை டிகிரிகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். லேபுக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கறுப்பு வெள்ளை மட்டும் மெட்ராஸில் சுலபமா என்ன? நானும் வீட்டு பாத்ரூமில் சிவப்பு பல்பு மாட்டி விளையாடியவன்தான். மருந்து 20 டிகிரியில் இருக்கணும். சித்திரை மாசத்தில் நம் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். ஐஸ் வாங்கி வந்து மருந்துத் தட்டைச் சுற்றி அடுக்குவோம். சூடு மிஞ்சினால் பிலிம் மேலிருக்கும் பூச்சு நெகிழ்ந்து சுருங்கிப்போகும். அப்புறம் ஹைப்போவில் போட்டு, நல்ல தண்ணீரில் ரொம்ப நேரம் அலசி, தூசி படாமல் காயப்போடணும். அலசினது போதாவிட்டால் சில வருஷத்தில் படம் பழுப்பேறிவிடும். ஆனால் ஒன்று. இருட்டில், வெறும் வெள்ளைத் தாள் மருந்துக்குள் கிடக்கும்போது, மெதுவாக ஒரு முகம் எழுந்து வருமே, அந்த நிமிஷத்துக்கு ஈடு இணை கிடையாது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எடுத்த அன்றே பார்க்க முடியாது. காட்டிலிருந்து ஊர் வந்து சேரும்வரை, சரியாக விழுந்ததா இல்லையா என்ற தவிப்பு. என் பேத்தி பிடிச்சிருக்கு என்றாளே, அது இந்தத் தவிப்பும் சேர்த்துத்தான் என்று இப்போது புரிகிறது.

கிருஷ்ணன் வெறும் அழகுக்காகப் படம் எடுத்தவர் இல்லை. 1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு பெலோஷிப் கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் எங்கே, எப்படி, என்ன நிலையில் இருக்கின்றன என்று காடு காடாகப் போய்ப் பார்த்தார். 1959 முதல் 1970 வரை தான் கண்டதைத் தொகுத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. காடுகள் அணைக்கட்டுக்கும் தோட்டத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்தான். அதற்கு முன்னால் இருந்த காட்டுக்கு அவர் எழுத்தும் நெகடிவ்களும் சாட்சி. வனவிலங்கு வாரியத்திலும் பல வருஷம் உறுப்பினராக இருந்து, மனசில் பட்டதைத் தாட்சண்யம் இல்லாமல் சொன்னவர் என்று பெயர்.

அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அடுத்த வருஷம், 1996 பிப்ரவரி 18-ம் தேதி, சென்னையில் காலமானார். வயது 83. தமிழிலும் எழுதியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக 2002-ல் வந்தது. 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். அவருடைய புகைப்படங்களைத் தொகுத்து 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற பெரிய புத்தகம் 2006-ல் வெளியாயிற்று. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து அப்படி ஒரு புத்தகம் போட முடிந்ததற்கு முக்கியக் காரணம், நெகடிவும் பிரிண்டும் கையால் தொட்டு எடுக்கக்கூடிய பொருளாகப் பத்திரமாக இருந்ததுதான்.

டிஜிட்டல் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ராத்திரி பகல் காட்டில் தானாகவே படம் எடுக்கும் கருவிகளை வைத்துத்தான் இன்று புலியைக் கணக்கெடுக்கிறார்கள். அதை பிலிமில் செய்ய முடியுமா என்ன? பிலிமிலும் கண்டபடி சுட்டுத் தள்ளி வீணாக்கியவர்கள் உண்டு. செல்போனிலும் நின்று நிதானித்து ஒரே படம் எடுக்கிறவர் உண்டு. கருவி மட்டும் யாருக்கும் கண்ணைத் தந்துவிடாது. ஆனால் பிலிம் நம்மை நிறுத்தி வைக்கிறது. முப்பத்தாறுதான் இருக்கு, பார்த்துச் செய் என்கிறது. கிருஷ்ணன் வாழ்ந்ததும் அப்படித்தான். இருப்பது கொஞ்சம், அதைத் தன் கையால், தன் மனசுக்குப் பிடித்தபடி செய்தார். அதற்குக் கொடுத்த விலை வசதியான உத்தியோகமும், நிம்மதியான மாசச் சம்பளமும்.

கடைசியாக என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு கேமரா எடுத்துக் கொடுத்த அன்று, அதே பரணில் என் பழைய நெகடிவ் டப்பாவையும் திறந்தேன். கல்லூரி நாட்களில் நான் எடுத்தவை. மெரினா, தாவரவியல் சுற்றுலா, ஹாஸ்டல் நண்பர்கள், அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஐம்பது வருஷம் எட்டிக்கூடப் பார்க்காமல் போட்டு வைத்திருந்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து, வலை வலையாகப் படர்ந்து, பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் பதினோரு படம் தேறியது. தேறியதில் ஒன்றில், போய்ச் சேர்ந்த நண்பர்களில் ஒருவன் கடற்கரையில் சட்டைப் பொத்தான் கழன்று சிரித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவனின் முகம் எதிலும் தேறவில்லை.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். முடியாவிட்டால் பேரன் பேத்தியை ஏற்றுங்கள். பழைய நெகடிவ் கிடைத்தால் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், விரல் படாமல் காகித உறையில் போடுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள். அடுத்த வருஷக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். பேத்தி பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை குரூப் போட்டோவும் அவள்தான் பிலிமில் எடுக்கப்போகிறாள். இரண்டே படம்தான். தயவுசெய்து யாரும் அசையாமல் நில்லுங்கள்.